திறந்து பார்க்காமல் தீர்ப்பெழுதாதீர்கள்: ஒரு நீராவிக் கப்பலின் அறங்காவலர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

கப்பலின் அடித்தகடுகள் மெலிந்த இடங்களில் மேலே இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்வது என்றும், கொதிகலனையும் நீராவி எஞ்சினையும் ‘பழுதுபார்க்கும் நிலையைக் கடந்தவை’ எனக் கழற்றி எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது என்றும், அந்த வேலை முடியும்வரை தன்னார்வலர்கள் எவரும் எஞ்சின் அறைக்குள் இறங்கக் கூடாது என்றும் முடிவெடுத்து, அதைச் சுற்றறிக்கையாக எங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இந்த முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகும் என்னை உறுத்துவது ஒன்றுதான். இந்தக் கப்பலில் எது கெட்டிருப்பதற்கான அடையாளங்கள் கண்ணெதிரே இருக்கின்றனவோ அதை நம்பிவிட்டீர்கள். எது கெட்டுப்போனதாக இதுவரை எவரும் காட்டவில்லையோ அதைக் கழித்துக்கட்டிவிட்டீர்கள். கப்பல் உடலுக்கு நற்சான்று கொடுத்ததும் திறந்து பார்க்காமல். இயந்திரத்துக்கு மரணச் சான்று எழுதியதும் திறந்து பார்க்காமல். உங்களில் எவருடைய நேர்மையையும் நான் ஐயுறவில்லை. முடிவு எட்டப்பட்ட முறையைத்தான் எதிர்க்கிறேன்.

நான் கப்பல் எஞ்சின் அறைகளில் ஃபிட்டராகத் தொழிலைத் தொடங்கி, பின்னர் நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறைகளில் பழைய கப்பல்களின் உடலையும் இயந்திரங்களையும் புதுப்பிக்கும் வேலையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். கப்பல் உங்கள் பொறுப்புக்கு வந்த காலத்திலிருந்தே அதன் அடியறைகளில் ஊதியமின்றி உழைத்து வருகிறேன். ஆகவே கீழே எழுதுவதெல்லாம் நான் கையால் தொட்டும் தட்டியும் அறிந்தவை.

முதலில் கப்பல் உடல். சுற்றறிக்கையோடு இணைத்துள்ள தடிமன் அறிக்கை மீயொலிக் கருவியால் எடுக்கப்பட்டது. அளவெடுத்த அன்று நானும் கப்பலில் இருந்தேன். கப்பல் மிதந்துகொண்டிருந்ததால் உட்புறத்திலிருந்தே அளவெடுத்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் பல்லாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டுக் கனத்துப்போன வண்ணப் படலத்தைச் சுரண்டாமல், அதன் மீதே கருவியின் முனையை வைத்து எண்களைக் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஒற்றை எதிரொலியை மட்டும் கணக்கிடும் எளிய கருவி. அதற்கு வண்ணம் எது, எஃகு எது என்று பிரித்தறியத் தெரியாது. ஒலி எஃகில் போகும் வேகத்தில் பாதிகூட வண்ணத்தில் போகாது என்பதால், ஒரு மில்லிமீட்டர் வண்ணம் இரண்டு மில்லிமீட்டருக்கும் கூடுதலான எஃகாகக் கணக்கில் ஏறிவிடும். மூலத் தடிமனில் 20 முதல் 25 விழுக்காடு வரை இழந்த தகட்டை மாற்றிவிட வேண்டும் என்பது கப்பல்களை ஆய்ந்து தரச்சான்று வழங்கும் வகைப்பாட்டு நிறுவனங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் பொது வழக்கம். பத்து மில்லிமீட்டர் தகட்டில் அந்த எல்லை இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். அளவெடுத்த முறையில் வரும் பிழையே அவ்வளவு இருக்கும்போது, ‘எல்லைக்குள் உள்ளது’ என்று அறிக்கையில் எழுதியிருப்பதற்கு என்ன பொருள்?

எங்கே அளவெடுத்தார்கள் என்பது இதைவிட முக்கியம். சரக்கறையின் நடுப்பகுதியில், நின்றுகொண்டே கை நீட்டினால் எட்டும் இடங்களில் எடுத்தார்கள். ரிவெட் அடித்துக் கட்டிய கப்பல் அந்த இடங்களிலா நைந்துபோகும்? தகடும் தகடும் மேற்படியும் விளிம்புகளில், விலாச் சட்டங்களின் அடியில், காற்றும் நீரும் மாறிமாறிப் படும் நீர்மட்ட வரியில், நிலக்கரிக் கிடங்கின் மூலைகளில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொதிகலனுக்கு அடியிலும் அதன் முன்பாகச் சாம்பலை வாரிக் கொட்டிய தரைக்குக் கீழும்தான் துரு தின்னும். நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் உண்டு; தணலை அணைக்க ஊற்றிய தண்ணீர் அதோடு சேர்ந்தால் அமிலம். அது பல பத்தாண்டுகளாகத் தரைத்தகட்டின் இடுக்கு வழியே இறங்கி அடித்தகட்டில் தேங்கியிருக்கிறது. அப்பகுதியில் ஓர் அளவுகூட எடுக்கப்படவில்லை, ஏனென்றால் அங்கே சிமெண்ட் பூசியிருக்கிறது.

பழைய கப்பல்களின் அடியில் சிமெண்ட் இடுவது குற்றமன்று. எஃகோடு இறுகப் பிடித்திருக்கும்வரை அது நல்ல காப்பு. பிடி விட்டுவிட்டால் அதே சிமெண்ட் ஈரத்தை அடியில் பூட்டி வைத்து, மேலே நிற்பவனுக்கு எதையும் காட்டாது. பிடி விட்டதா என்பதை அறியச் சுத்தியல் போதும். கொதிகலனுக்குப் பின்னால் இடப்புறத்தில் நான் தட்டிப் பார்த்தபோது கணீரென்ற ஒலிக்குப் பதில் பொத்தென்று ஒலித்தது. விளிம்பில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஒரு துண்டைப் பெயர்த்தேன். அதனடியில் தகடு ஏடு ஏடாகக் கறுத்து உரிந்துவந்தது. உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த பிறகும் பளிச்சென்ற உலோகம் தென்படவில்லை. அருகிலிருந்த ரிவெட்டின் உட்தலை, உருண்டைக் குமிழாக இருக்க வேண்டியது, நகத்தளவு கூம்பாகக் கரைந்திருந்தது. படம் எடுத்து, எத்தனையாவது விலாச் சட்டம் என்பதையும் குறித்து உங்கள் செயலாளருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அறிக்கையில் அந்த இடம் ‘அளவெடுக்க இயலாத பகுதி’ என்றுகூடக் குறிக்கப்படவில்லை, வெறுமனே விடுபட்டிருக்கிறது.

இந்த நிலையில் நீங்கள் தேர்ந்திருக்கும் மருந்து டப்ளர் தகடு, அதாவது மெலிந்த தகட்டின் மேல் வைத்து ஒட்டும் இன்னொரு தகடு. கடலில் இருக்கும் கப்பல் உலர்துறையை அடையும்வரை தாக்குப்பிடிக்க டப்ளர் வைப்பதுண்டு, நானே வைத்திருக்கிறேன். தற்காலிக ஏற்பாடு என்று ஏட்டில் எழுதி, கழற்றும் நாளையும் குறித்துவிட்டுத்தான் வைப்போம். நீங்களோ அதையே முடிந்த பழுதுபார்ப்பாகத் திட்டமிடுகிறீர்கள். புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. மெலிந்த தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஓரங்களை வெல்டிங் செய்தால், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி எஞ்சும். ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அதற்குள் தண்ணீர் புகுந்து, பழைய தகடு எவர் கண்ணிலும் படாமல் கரைந்துகொண்டே போகும். அதன் பிறகு வெளியிலிருந்து மீயொலிக் கருவியை வைத்தால் ஒலி அந்த இடைவெளியைத் தாண்டாது. கருவி புதுத் தகட்டின் தடிமனை மட்டும் காட்டும். அதாவது, டப்ளர் வைத்த நாளிலிருந்து ஒவ்வோர் ஆய்வும் உங்களுக்கு நல்ல எண்ணையே தரும்.

ஒரு சரக்குக் கப்பலில் எவர் செய்தது என்று தெரியாத முந்தைய பழுதுபார்ப்பு ஒன்றை உலர்துறையில் அறுத்தெடுத்தபோது நான் உடனிருந்தேன். டப்ளரின் கீழ் மூலையில் தீக்குழாயால் அறுத்ததுமே உள்ளிருந்து கறுத்த நீர் வடிந்தது. தகட்டை முழுதாகக் கழற்றியபோது, அதன் பின்னே இருந்திருக்க வேண்டிய மூலத் தகட்டில் கை நுழையும் ஓட்டைகள். ஓரத்து வெல்டிங்கோ, காகிதம்போல் மெலிந்த தகட்டில் தொற்றிக்கொண்டிருந்தது. பல பயணங்களில் கடலுக்கும் சரக்கறைக்கும் நடுவே இருந்தது அந்த வெல்டிங் ஒன்றுதான். அந்தக் கப்பலின் ஏடுகளில் அப்பகுதி ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. உங்கள் சுற்றறிக்கையிலும் அதே சொல் இருக்கிறது.

வெல்டிங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரிவெட் இணைப்பை இறுக்கமாக வைத்திருப்பது, சூடாக அடித்த ரிவெட் குளிர்ந்து சுருங்கும்போது தகடுகளைக் கவ்விக்கொள்ளும் இழுவிசை. அருகில் வெல்டிங்கின் வெப்பம் பட்டால் தகடு விரிந்து சுருங்கும்; வரிசையில் உள்ள ரிவெட்டுகள் பிடி தளரும்; நேற்றுவரை கசியாத இணைப்பு கசியத் தொடங்கும். கசியும் ரிவெட்டின் தலையைச் சுற்றி வெல்டிங் செய்வார்கள். அந்த வெப்பத்தில் பக்கத்து ரிவெட் தளரும். இப்படியே ஒரு வரிசை முழுவதையும் வெல்டிங்கால் துரத்திக்கொண்டு போன வேலைகளைப் பார்த்திருக்கிறேன். தவிர, அக்காலத்து எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் இன்றைய எஃகைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். அது வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட வாய்ப்புள்ள உலோகம். ஒரு துண்டை அறுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பி அதன் சேர்மானத்தை அறிந்துகொள்ளாமல் வெல்டிங் முறையைத் தீர்மானிப்பது எப்படி? அப்படிச் சோதனை செய்ததாகச் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

முறையான வேலை எது என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. உலர்துறையில் ஏற்றி, சிமெண்டைப் பெயர்த்து, மணல் பீய்ச்சி வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, நல்ல உலோகம் தொடங்கும் இடம்வரை மெலிந்த தகட்டை வெட்டி எடுத்து, பின்னாலுள்ள விலாச் சட்டத்தையும் பார்த்து, அதன் பிறகு புதுத் தகட்டை இணைக்க வேண்டும். எங்கே ரிவெட், எங்கே வெல்டிங் என்பதை இடத்துக்கு இடம் தீர்மானிக்கலாம். நான் எல்லா இடத்திலும் ரிவெட்தான் வேண்டுமென்று அடம்பிடிப்பவன் அல்லன். இதே நேரத்தில் கடல்வால்வுகளை, அதாவது கடல்நீர் உள்ளே வரும் வழிகளை அடைக்கும் வால்வுகளை, கழற்றிப் பார்க்க வேண்டும். பித்தளையில் துத்தநாகம் கரைந்துபோனால் உலோகம் இளஞ்சிவப்பாக மாறிக் கத்திமுனைக்கே உதிரும், வெளியில் வண்ணம் மட்டும் அழகாக இருக்கும். புரொப்பல்லர் தண்டை வெளியே இழுத்துச் புரொப்பல்லரைத் தண்டோடு பூட்டும் சாவிக்கான குழியின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதைத் தாங்கி நிற்கும், லிக்னம் வைட்டே என்ற கடினமான மரத்தாலான பட்டிகள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று அளக்க வேண்டும். துறையில் கட்டியபடியே மூழ்கும் பழைய கப்பல்களைப் பெரும்பாலும் மூழ்கடிப்பவை இத்தகைய சிறு உறுப்புகள்தாம். அவற்றைப் பற்றிச் சுற்றறிக்கை மௌனமாக இருக்கிறது.

இனிக் கொதிகலன். ‘துருப்பிடித்துவிட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். துருப்பிடித்திருந்தால் அது யாரால் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடைசியாக நீராவி ஏற்றிய பருவம் முடிந்ததும், கொதிகலனை இரண்டில் ஒரு முறையில் உறங்கவைக்க வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேட்டேன். ஒன்று, சோடியம் சல்ஃபைட் போன்ற மருந்திட்டு ஆக்சிஜனை நீக்கி, காரத்தன்மையை உயர்த்திய நீரால் விளிம்புவரை நிரப்பி மூடுவது. மற்றொன்று, முழுவதும் வடித்து, உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைத் தட்டுகளில் வைத்து இறுக அடைப்பது. இரண்டும் நடக்கவில்லை. கொதிகலன் பாதி நீரோடு அப்படியே விடப்பட்டது. அதைவிடக் கேடான நிலை வேறில்லை. நீரும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில் ஆக்சிஜன் எஃகைக் குழிகுழியாக அரிக்கும். இன்று நீங்கள் கொதிகலன்மேல் சுமத்தும் குற்றம், உங்கள் அலுவலகம் பதில் எழுதாத ஒரு கடிதத்தின் விளைவு.

ஆனாலும், அது செத்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் இன்னும் எவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஆள்நுழைவுக் கதவின் நட்டுகளில் பூசிய வண்ணம் கலையாமல் இருக்கிறது. அதைக் கழற்றியிருந்தால் அப்படி இருக்க முடியாது. உள்ளே இறங்கி, உப்புப்படிவை உடைத்து, குழாய்களின் முனைகளையும் தாங்குதண்டுகளையும் உலையின் மேல்வளைவையும் பார்த்து, குழி விழுந்த இடங்களின் ஆழத்தை அளந்து, பின்னர் நீரால் நிரப்பி ஆய்வாளர் முன்னிலையில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். பணியழுத்தத்தின் ஒன்றரை மடங்கு என்பது நெடுநாளைய வழக்கம். இவ்வளவும் செய்த பிறகு அது தேறவில்லை என்றால், புதுக் கொதிகலன் கேளுங்கள். முதல் ஆளாக நான் கையெழுத்திடுகிறேன். கொதிகலன் தேய்ந்து தீரும் உறுப்பு. 1947-இல் ஓடத் தொடங்கிய பிரிட்டனின் துடுப்புச் சக்கரக் கப்பல் வேவர்லியில் 1981, 2000, 2020 ஆகிய ஆண்டுகளில் கொதிகலன்கள் மாற்றப்பட்டன; அதன் மும்முறை விரிவு எஞ்சினோ முதலில் பொருத்தியதே இன்றும் ஓடுகிறது. கொதிகலன் போனால் எஞ்சினும் போக வேண்டும் என்ற கணக்கு அங்கே எவருக்கும் தோன்றவில்லை.

எஞ்சினைப் பற்றிய உங்கள் வாசகத்தைத்தான் என்னால் சற்றும் புரிந்துகொள்ள முடியவில்லை. ‘பழுதுபார்க்கும் நிலையைக் கடந்தது’ என்று சொல்வதற்கு எந்த பேரிங்கைத் திறந்தீர்கள்? எந்த சிலிண்டரின் மூடியைத் தூக்கினீர்கள்? உயர் அழுத்தம், நடு அழுத்தம், தாழ் அழுத்தம் என மூன்று சிலிண்டர்களில் நீராவியை அடுத்தடுத்து விரியவிட்டு வேலை வாங்கும் இந்த மும்முறை விரிவு எஞ்சின், மனிதன் கட்டிய இயந்திரங்களிலேயே மிக எளிதாக அளந்து, மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியவற்றுள் ஒன்று. கிராங்க் பேரிங்கின் மூடிக்குள் ஈயக் கம்பியை வைத்து இறுக்கித் திறந்தால், நசுங்கிய கம்பியின் தடிமனே இடைவெளி எவ்வளவு என்று சொல்லிவிடும். இடைவெளி கூடியிருந்தால் இடையில் வைத்துள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைக்கலாம். பேரிங்கின் உட்புறத்தில் வார்த்துள்ள மென்மையான ஒயிட் மெட்டல் விரிசல் விட்டிருந்தால் உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்து, கடைசல் பிடித்து, தண்டில் நீலம் தடவி உட்காரவைத்துப் பார்த்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டிச் சுரண்டி, பரப்பு முழுவதும் சீராக நீலம் படியும்வரை பொருத்தலாம். பிஸ்டன் வளையமும் ஸ்லைடு வால்வும், நீராவியை மறுபடி நீராக்கும் கண்டென்சரின் குழாயும் பட்டறையில் செய்துகொள்ளக் கூடியவையே. உதிரிப்பாகம் தயாரித்த ஆலை மூடப்பட்டுவிட்டது என்ற காரணம் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் டீசலுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

நீண்ட நாள் நின்றுபோன எஞ்சின் மீளாது என்ற எண்ணம் இருந்தால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்ட 2,710 ‘லிபர்ட்டி’ சரக்குக் கப்பல்களுள் ஒன்றான ஜெரமையா ஓ’பிரையனைப் பாருங்கள். போருக்குப் பின் 1946-இல் ஒதுக்கி நிறுத்தப்பட்ட அது, 33 ஆண்டுகள் கழித்து 1979-இல் தன் சொந்த நீராவியிலேயே அந்த இடத்தைவிட்டு வெளியேறியது. 1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நார்மண்டிவரை போய்த் திரும்பியது. அது தானாக நடந்த அதிசயமன்று. நிறுத்தும்போதே எண்ணெயிட்டுப் பக்குவப்படுத்தி நிறுத்தினார்கள். அதனால்தான் எழுப்ப முடிந்தது. நம் கப்பலில் வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டு, டர்னிங் கியரால் எஞ்சினை மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு முறையும் வேறு நிலையில் நிறுத்திவந்தது நாங்கள் சிலர். ஒரே நிலையில் கிடந்தால் தண்டும் பேரிங்கும் தொடும் இடத்தில் ஈரம் தங்கிப் பள்ளம் விழும், பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தடை வந்த நாளிலிருந்து அந்த எஞ்சின் அசையவில்லை. பழுதுபார்க்க முடியாதது என்று இன்று நீங்கள் சொல்வது உண்மையல்ல. இன்னும் சில பருவங்கள் இப்படியே விட்டால் நீங்களே அதை உண்மையாக்கிவிடுவீர்கள்.

டீசல் மலிவு என்ற வாதத்தையும் எடைபோட்டுப் பார்ப்போம். சொற்பொருளிலேயே எடைபோட வேண்டும். ஒரு லிபர்ட்டி கப்பலின் 2,500 குதிரைத்திறன் எஞ்சின் மட்டும் ஏறத்தாழ 135 டன். நிமிடத்துக்கு 76 சுற்று ஓடுவது. நம்முடையது அதைவிடச் சிறியதுதான். ஆனாலும் எஞ்சின், கொதிகலன், அதற்குள் நிற்கும் நீர், கண்டென்சர் எல்லாவற்றையும் கழற்றினால் கப்பலின் நடுவே அடிப்பகுதியிலிருந்து பெரும் பாரம் போய்விடும். கப்பல் உயர்ந்து மிதக்கும், நிலைப்பாடு குறையும், முன்பின் சாய்வு மாறும். அதைச் சரிக்கட்ட நிலைப்பாரம் ஏற்ற வேண்டும். எதன் மேல்? அளவெடுக்காத அதே அடித்தகடுகளின் மேல். மேலும், கொதிகலனை வெளியே எடுக்க மேல்தளத்தையும் அதன் உத்தரங்களையும் அறுத்தாக வேண்டும். வேகமாகச் சுழலும் டீசலுக்குப் பற்சக்கரப் பெட்டி வேண்டும், புது அடித்தளம் வேண்டும். மெதுவாகச் சுழல்வதற்கென வடித்த பெரிய புரொப்பல்லர் அதற்கு ஒத்துவருமா என்று கணக்கிட வேண்டும். நீராவியின் மெல்லிய துடிப்புக்குப் பழகிய ரிவெட் இணைப்புகள் வேறுவகை அதிர்வைத் தாங்க வேண்டும். சுற்றறிக்கையின் செலவுக் கணக்கில் இவற்றில் எதுவும் இல்லை. எஞ்சினின் விலை மட்டும் இருக்கிறது.

முன்பே இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். ஜெனீவா ஏரியில் 1904-இல் கட்டப்பட்ட மான்ட்ரே என்ற துடுப்புச் சக்கரக் கப்பலின் நீராவி எஞ்சினைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்துவிட்டு டீசல்-மின் இயக்கத்துக்கு மாற்றினார்கள். பின்னர் மனம் மாறி, புதிதாகவே ஒரு நீராவி எஞ்சினைச் செய்து பொருத்தி, 2001-இல் அதை மறுபடி நீராவியில் ஓடவிட்டார்கள். எடுத்து வீசியதைத் திரும்பச் செய்ய அவர்களிடம் பொருள் இருந்தது. நம்மிடம் இல்லை. நியூசிலாந்தின் 1912-ஆம் ஆண்டுக் கப்பலான எர்ன்ஸ்லா இன்றும் நிலக்கரி எரித்தே பயணிகளை ஏற்றிச் செல்கிறது. கரி தள்ளுவதைப் பார்க்கவே எஞ்சின் அறை ஓரத்தில் பயணிகள் வந்து நிற்கிறார்கள். டீசல் ஓடும் அறையைப் பார்க்க எவர் வருவார் என்பதையும் உங்கள் வருவாய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் முதலில் திறந்து பாருங்கள் என்கிறேன். உலர்துறையில் கப்பலை ஏற்றிய பிறகு எதிர்பாராத ஓட்டை ஒன்று வெளிப்பட்டால், தகடு வரும்வரை, வரைபடம் ஒப்புதலாகும்வரை, ஒவ்வொரு நாளும் துறை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பழைய கப்பல்களின் நிதி கரைவது இந்தக் காத்திருப்பில்தான். சிமெண்டைப் பெயர்ப்பது, வண்ணத்தைச் சுரண்டுவது, பேரிங்கைத் திறப்பது, கொதிகலனுக்குள் இறங்குவது ஆகிய அனைத்தையும் கப்பல் மிதக்கும்போதே, கவனத்தோடு, பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பிலேயே செய்ய முடியும். மெலிந்த தகட்டின் மேலுள்ள சிமெண்டை மிதக்கும்போது பெயர்ப்பதில் ஆபத்து உண்டு என்பதை அறிவேன். பம்பும் அடைப்புப் பொருளும் தயாராக வைத்து, சிறு சிறு கட்டமாகச் செய்வது அதற்கான முறை. அந்த ஆபத்துக்கு அஞ்சி மூடியே வைத்திருப்பது பயணிகளையும் சேர்த்து அதே தகட்டின் மேல் நிறுத்துவதாகும்.

எஞ்சின் அறைத் தடைக்கு நீங்கள் சொன்ன காரணம் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). அதை நான் அலட்சியம் செய்யவில்லை. நீராவிக் குழாய்களைச் சுற்றியுள்ள காப்புறையில் கல்நார் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு; அதை மூச்சில் இழுத்து, பல்லாண்டுகள் கழித்து நுரையீரல் நோயில் மடிந்த உடன்வேலைக்காரர்கள் எனக்கு இருந்தார்கள். ஆனால் கல்நார் இருந்தால் மாதிரி எடுத்துச் சோதித்து, எங்கெங்கே என்று குறித்து, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்ற வேண்டும். எஞ்சினையும் கொதிகலனையும் அறுத்தெடுக்கப் போகிறவர்களுக்கும் அதே வேலை முன்னே நிற்கிறது. ஆகவே அது டீசலுக்கான காரணமாக முடியாது. தடை தொடர்ந்தால் இன்னொன்றும் போகும். ரிவெட்டைச் சூடாக்கும்போது எந்த நிறத்தில் எடுக்க வேண்டும், பெரிய கொதிகலனை ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சூடேற்றாவிட்டால் அடிநீர் குளிர்ந்தபடியே இருந்து இணைப்புகள் எப்படி இழுபடும் என்பதெல்லாம் இளையவர்களுக்குக் கீழே, எஞ்சின் அறையில்தான் கற்றுக்கொடுக்க முடியும். எங்களில் மூத்தவர்களுக்கு ஏணி இறங்குவதே ஆண்டுக்காண்டு கடினமாகிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. டப்ளர் வேலைக்கும் இயந்திரங்களை அகற்றும் வேலைக்கும் ஒப்பந்தம் எதிலும் இப்போது கையெழுத்திடாதீர்கள், கையெழுத்தாகியிருந்தால் நிறுத்திவையுங்கள். சிமெண்டையும் வண்ணத்தையும் அகற்றிய பிறகு, விலாச் சட்டம் வாரியாக, வண்ணத்தைக் கழித்து அளக்கும் பல்லெதிரொலிக் கருவியால் மறு அளவெடுப்பு நடத்துங்கள்; அதைச் செய்பவர் தகட்டு வேலையின் ஒப்பந்ததாரராக இருக்கக் கூடாது. எடுத்த அளவுகளோடு எடுக்க முடியாத இடங்களையும் வரைபடத்தில் குறித்து, முழு அறிக்கையையும் எங்களுக்குத் தாருங்கள். தகட்டிலிருந்தும் ஒரு ரிவெட்டிலிருந்தும் மாதிரி எடுத்துச் சேர்மானத்தைச் சோதிக்கச் செய்யுங்கள்.

கொதிகலனில் தேங்கியுள்ள நீரை இந்த வாரமே வடித்து உலர்த்த அனுமதி கொடுங்கள். இதற்குக் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கும் அளவுக்குச் செலவில்லை. அதன் பிறகு தகுதிபெற்ற கொதிகலன் ஆய்வாளரை உள்ளே அனுப்பி, அவர் எழுத்தில் தருவதை அப்படியே வெளியிடுங்கள். எஞ்சினில் தாழ் அழுத்தப் பக்கத்து கிராங்க் பேரிங்கையும், ஒரு முதன்மை பேரிங்கையும், உயர் அழுத்த சிலிண்டரின் மூடியையும் திறந்து அளவெடுப்போம்; இந்த மூன்றும் சொல்லும் செய்தியை வைத்தே எஞ்சினின் நிலையைப் பெருமளவு கணித்துவிடலாம். கல்நார் மாதிரிச் சோதனை முடியும்வரை, பாதுகாப்புக் கவசத்தோடு இருவர் மட்டும் வாரம் ஒருமுறை இறங்கி எஞ்சினைச் சுழற்ற விடுங்கள். அடுத்த உலர்துறை ஏற்றத்தின் வேலைப்பட்டியலில் கடல்வால்வுகளையும் புரொப்பல்லர் தண்டையும் பெயர் குறிப்பிட்டுச் சேருங்கள்.

எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையைக் கடந்தது என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் யார், அவர் எதைத் திறந்து, எதை அளந்து அப்படி எழுதினார் என்பதையும் தெரிவியுங்கள். அவரும் நீங்களும் நாங்களும் ஒரே மேசையில் அமர்ந்து அளவுகளை வைத்துப் பேச, ஒப்பந்த நாளுக்கு முன்பாக ஒரு தேதியைக் குறித்து, அதை எழுத்தில் அனுப்புங்கள். இம்முறையாவது கடிதத்துக்குப் பதில் வர வேண்டும் என்பதற்காகவே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
எஞ்சின் அறைத் தன்னார்வலர் குழுவைச் சேர்ந்த ஒரு ஃபிட்டர்